வாசலில் நிற்பவரின் முகவரி: இணையச் செயலிக்குத் தெரியும் ஐபி எது?

இணையச் செயலி எழுதப் பழகுகிறவர்கள் முதல் சில வாரங்களிலேயே எழுப்பும் கேள்விகளில் ஒன்று, சர்வரின் ஐபி முகவரியையும் தளத்துக்கு வருகிறவரின் ஐபி முகவரியையும் நிரலுக்குள்ளிருந்து எப்படி எடுப்பது என்பது. இதற்கு ஒற்றை வரி விடைகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அந்த வரியை எடுத்து ஒட்டினால் ஏதோ ஓர் எண்ணும் திரையில் வந்துவிடுகிறது. சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. சொந்தக் கணினியில் ஓட்டினால் 127.0.0.1 என்கிறது, சர்வரில் ஏற்றினால் வருகிற அத்தனை பேருக்கும் ஒரே முகவரியைக் காட்டுகிறது, வேறொரு வரியை மாற்றி ஒட்டினால் வெவ்வேறு முகவரிகள் வருகின்றன, ஆனால் அவற்றுள் சில அப்பட்டமான பொய்களாக இருக்கின்றன.

இதில் நிரல் வரியைக் குறை சொல்லிப் பயனில்லை. 'ஒருவருடைய ஐபி முகவரி' என்று நாம் பேசும் பேச்சே தளர்வானது. வீட்டுக் கதவில் எண் அடித்திருப்பதுபோல ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் நிலையாக ஒட்டியிருக்கிறது, அதைப் படித்துக்கொண்டால் போதும் என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் ஐபி முகவரி என்பது ஆளுக்கும் கருவிக்கும் உரியதாக இருப்பதைவிட, அந்தக் கணத்தில் நடந்துகொண்டிருக்கும் ஓர் இணைப்பின் முனைக்கு உரியதாகவே இருக்கிறது. இந்த ஒன்று பிடிபட்டால் மேலே சொன்ன குழப்பங்கள் ஒவ்வொன்றும் தாமாக அவிழும்.

தொலைபேசிப் பேச்சும் இணைய இணைப்பும்

ஐபி முகவரியை விளக்கும்போது தபால் உறையை உவமையாகச் சொல்வது வழக்கம். அது பாதிவரைதான் பொருந்தும். உறையின் பின்பக்கத்தில் அனுப்புநர் என்று யார் பெயரை எழுதினாலும் கடிதம் போய்ச் சேர்ந்துவிடும். இணையப் பக்கத்தைக் கேட்பது அப்படிப்பட்ட ஒருவழிப் போக்குவரத்து அல்லாததால், தொலைபேசிப் பேச்சே அதற்கு நெருக்கமான உவமை. அழைத்தவர் பேச வேண்டும், எடுத்தவர் பதில் சொல்ல வேண்டும், அந்தப் பதில் அழைத்தவர் காதில் விழவும் வேண்டும்.

இனி இரண்டு சொற்களை வரையறுத்துக்கொள்வோம். ஐபி முகவரி என்பது, வலைப்பின்னலில் ஒரு முனைக்குத் தரவுப் பொட்டலங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கான எண். 1981 செப்டம்பரில் வரையறுக்கப்பட்டு இன்றும் புழக்கத்தில் உள்ள ஐபிவி4 முறையில் இது 32 பிட் நீளமுள்ளது. படிக்க வசதியாக 0 முதல் 255 வரையிலான நான்கு எண்களாகப் புள்ளி வைத்து எழுதுகிறோம். போர்ட் என்பது, ஒரே முகவரியில் இயங்கும் பல நிரல்களையும் பல இணைப்புகளையும் பிரித்தறிய உதவும் எண். ஓர் அலுவலகத்தின் பொதுத் தொலைபேசி எண்ணை அடுத்து வரும் உள்தொடர்பு எண்ணைப் போன்றது.

ஒரு பிரவுசர் சர்வரை அணுகும்போது, வழக்கமான டிசிபி முறையில், பக்கத்தைக் கேட்பதற்கு முன்பே மூன்று சிறு செய்திகள் பரிமாறப்படுகின்றன. பிரவுசர் இருக்கும் கணினி, பேசலாமா என்று கேட்கிறது. சர்வர், பேசலாம் என்று சொல்லி எளிதில் ஊகிக்க முடியாத ஓர் எண்ணையும் கூடவே அனுப்புகிறது. அந்த எண் கைக்குக் கிடைத்ததைக் காட்டி முதற்கணினி மறுமொழி தந்தால்தான் இணைப்பு நிலைபெறும். வேறொருவரின் முகவரியைப் போலியாக இட்டு அழைக்கிறவருக்கு அந்த எண் போய்ச் சேராது, அது போலி முகவரிக்குரிய இடத்துக்குப் போய்விடும் என்பதால், நிலைபெற்ற இணைப்பில் காணப்படும் எதிர்முனை முகவரியைப் பொய்யாக்குவது மிகக் கடினம்.

இதுவரை கண்டது இதுதான்: ஒவ்வோர் இணைப்புக்கும் இரண்டு முனைகள், ஒவ்வொரு முனைக்கும் ஒரு முகவரி, ஒரு போர்ட். செயலிக்கு உறுதியாகத் தெரியக்கூடியவை இந்த நான்கு எண்கள் மட்டுமே. இந்தக் கட்டுரையில் இனி வரும் மற்ற எல்லாமே யாரோ ஒருவர் சொல்லித் தெரிந்துகொள்பவை.

நிரலின் கைக்கு வரும் வழி

இந்த நான்கு எண்களையும் முதலில் அறிவது சர்வரின் இயங்குதளம். அதனிடம் எதிர்முனை எது என்று கேட்க 'கெட்பியர்நேம்', இம்முனை எது என்று கேட்க 'கெட்சாக்நேம்' என இரண்டு அழைப்புகள் பல்லாண்டுகளாக இருந்துவருகின்றன. நாம் எந்த மொழியில் எழுதினாலும், அந்த மொழி தரும் வசதி கடைசியில் இவ்விரண்டையும்தான் போய்த் தட்டுகிறது.

பிஎச்பியில் 'சர்வர்' என்னும் தொகுப்புக்குள் 'ரிமோட் அட்ரஸ்' என்ற பெயரில் எதிர்முனையும், 'சர்வர் அட்ரஸ்' என்ற பெயரில் இம்முனையும் கிடைக்கின்றன. ஜாவா சர்வ்லெட்டில் 'கெட் ரிமோட் அட்ரஸ்', 'கெட் லோக்கல் அட்ரஸ்' என்ற இணை; நோட் ஜேஎஸ்ஸில் சாக்கெட்டின், அதாவது இணைப்பின் ஒரு முனையை நிரலுக்குள் குறிக்கும் பொருளின், 'ரிமோட் அட்ரஸ்', 'லோக்கல் அட்ரஸ்' என்ற இணை. பெயர்களைக் கவனித்தால் எல்லா மொழிகளும் ஒரே பொருளைத்தான் சொல்கின்றன: தொலைமுனை, அண்மைமுனை. 'வாடிக்கையாளர்' என்றோ 'பயனர்' என்றோ இப்பெயர்களில் எங்கும் இல்லை.

பிஎச்பியின் 'ரிமோட் அட்ரஸ்' என்ற பெயர், சர்வரும் நிரலும் பேசிக்கொள்ள வகுத்த சிஜிஐ என்னும் பழைய ஏற்பாட்டிலிருந்து வந்தது. அந்த ஏற்பாட்டின் 2004ஆம் ஆண்டு ஆவணத்தில் எதிர்முனை முகவரி உண்டு, சர்வரின் பெயர் உண்டு, போர்ட் உண்டு. சர்வரின் முகவரி மட்டும் கிடையாது. 'சர்வர் அட்ரஸ்' என்பது அப்பாச்சி போன்ற சர்வர் மென்பொருள்கள் தாமாகச் சேர்த்துக் கொடுப்பது. ஒரு சர்வரில் வேலைசெய்த நிரல் வரி இன்னொன்றில் வெறுமையைத் திருப்பித் தந்தால், காரணத்தை இங்கேயும் தேடிப் பார்க்கலாம்.

127.0.0.1 என்பது பிழையன்று

தொடக்கநிலையாளர்களை முதலில் திகைக்கவைப்பது இந்த எண்தான். ஒரே கணினியில் பிரவுசரும் சர்வரும் இயங்கும்போது, பொட்டலங்கள் அந்தக் கணினியை விட்டு வெளியே போவதே இல்லை. 'லூப்பேக்' எனப்படும் உள்வழி வழியாகத் திரும்பிவருகின்றன. 127 என்று தொடங்கும் முகவரிகள் முழுவதும் இந்த உள்வழிக்கென்றே ஒதுக்கப்பட்டவை. புதிய ஐபிவி6 முறையில் இதற்கு ஈடான முகவரி ::1 என்பதாகும். ஆகவே நம் நிரல், 'என்னை அழைத்தவர் இதே வீட்டுக்குள் இருப்பவர்' என்று மிகச் சரியாகவே சொல்கிறது. உங்கள் கைபேசியை அதே வைஃபையில் இணைத்து, கணினியின் உள்வலை முகவரியைத் தட்டிப் பக்கத்தைத் திறந்தால், 192.168 என்று தொடங்கும் வேறோர் எண் வருவதைக் காணலாம். சர்வர் உள்வழியை மட்டுமின்றி வெளிவழியையும் கவனிக்கும்படி இயங்கினால்தான் இந்தச் சோதனை கைகூடும்.

'சர்வரின் முகவரி' என்று ஒன்று உண்டா?

வருகிறவரின் முகவரி சிக்கலானது, சர்வரின் முகவரி எளியது என்பது பொதுவான எண்ணம். என் பார்வையில் இரண்டாவதுதான் அதிகம் தவறாகப் பேசப்படுகிறது.

ஒரு பெரிய திருமண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முன்வாசல் ஒரு தெருவில், சமையல் கூடத்தின் பின்வாசல் இன்னொரு தெருவில். மண்டபத்தின் வாசல் எது என்று கேட்டால், எந்த வழியாக வந்தீர்கள் என்பதைப் பொறுத்தே விடை சொல்ல முடியும். சர்வரும் அப்படித்தான். அதற்கு உள்வழி முகவரி ஒன்று, உள்வலை முகவரி ஒன்று, ஐபிவி6 முகவரிகள் சில என ஒரே நேரத்தில் பல இருக்கும். 0.0.0.0 என்று அமைத்து இயக்குவதன் பொருள், இவற்றுள் ஐபிவி4 முகவரிகள் எதில் அழைப்பு வந்தாலும் எடு என்பது. அது தன்னளவில் யாரும் அழைக்கக்கூடிய முகவரியன்று. ஆகவே 'அண்மைமுனை முகவரி' சொல்வது, இந்த இணைப்பு எந்த வாசல் வழியாக வந்தது என்பதை மட்டுமே.

கணினியின் பெயரைக் கேட்டு, அந்தப் பெயருக்குரிய முகவரியைத் தேடி எடுக்கும் நிரல் வரி ஒன்றும் பரவலாகப் புழங்குகிறது. டெபியன், உபுண்டு இயங்குதளங்களில் அது அடிக்கடி 127.0.1.1 என்று விடை தரும். ஏனெனில் கணினியின் பெயருக்கு அந்த முகவரியை ஓர் உள்கோப்பில் எழுதிவைப்பது அங்கே வழக்கம். வெளியே போகும்போது எந்த உள்முகவரியைப் பயன்படுத்துவாய் என்பதுதான் உங்கள் கேள்வி என்றால், வெளியிலுள்ள ஒரு முகவரியை நோக்கி, டிசிபியைப் போல முன்கூட்டிப் பேசிக்கொள்ளாத யுடிபி வகைச் சாக்கெட்டை இணைத்துவிட்டு இம்முனை எது என்று கேட்பது நம்பகமான வழி. யுடிபியில் இணைப்பது என்பது இயங்குதளத்துக்குள் நடக்கும் குறிப்பு மட்டுமே என்பதால், ஒரு பொட்டலம்கூட வெளியே போகாமலே விடை கிடைத்துவிடும்.

மேகக் கணினிகளில் இன்னொரு திருப்பம் இருக்கிறது. அமேசானில் ஒரு மெய்நிகர்க் கணினியை எடுத்து, அதன் பொது முகவரியை உள்ளே நுழைந்து தேடினால் எங்கும் அகப்படாது. கணினி அறிந்ததெல்லாம் உள்வலை முகவரி மட்டுமே. பொது முகவரியை உள்முகவரியாக மாற்றும் வேலை வெளியே, அவர்களது வலைப்பின்னலில் நடக்கிறது. பொது முகவரியை அறிய, 169.254.169.254 என்னும் தனிச்சிறப்பான முகவரியில் இருக்கும் தகவல் சேவையைக் கேட்க வேண்டும். இல்லையென்றால் வெளியிலுள்ள ஏதேனும் ஒரு தளத்தை அழைத்து, என்னை எந்த முகவரியில் பார்க்கிறாய் என்று கேட்க வேண்டும். செயலியைத் தனிச் சூழலில் அடைத்து இயக்கும் டாக்கர் பெட்டிக்குள் இருக்கும் செயலியும் இதே நிலையில்தான் இருக்கிறது; தன் முகவரி 172.17 என்று தொடங்குவதாக அது சொன்னால், அந்தப் பெட்டிக்குள்ளிருந்து பார்க்கும்போது அது சரி.

நடைமுறையில் இந்தக் கேள்வி பெரும்பாலும் எழுவது, பணப் பரிவர்த்தனை நிறுவனமோ குறுஞ்செய்தி நிறுவனமோ 'உங்கள் சர்வரின் ஐபியைத் தாருங்கள், அனுமதிப் பட்டியலில் சேர்க்க வேண்டும்' என்று கேட்கும்போதுதான். அவர்களுக்கு வேண்டியது, அவர்களை நோக்கி நாம் அழைக்கும்போது அவர்கள் கண்ணில் படும் முகவரி. மக்கள் நம் தளத்துக்கு உள்ளே வரும் முகவரி வேறாகவும், நம் செயலி வெளியே போகும் முகவரி வேறாகவும் இருப்பது மிகச் சாதாரணம். தளத்தின் பெயரை, பெயர்களுக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ்ஸில் தேடி வந்த எண்ணை எழுதிக்கொடுத்துவிட்டு, அழைப்புகள் ஏன் மறுக்கப்படுகின்றன என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன்.

சுருங்கச் சொன்னால், சர்வரின் முகவரியைக் கேட்பதற்கு முன், யார் பார்க்கும்போது, எந்தத் திசையில் என்ற இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

பி.பி. எண்ணும் பொது முகவரியும்

தொலைபேசி அரிதாக இருந்த காலத்தில், தம் வீட்டில் இணைப்பு இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு எண்ணையோ தெருமுனை மளிகைக் கடை எண்ணையோ கொடுத்து, அதன் பக்கத்தில் 'பி.பி.' என்று குறித்திருப்பார்கள். அந்த ஒரே எண்ணில் தெருவே பேசும். கடைக்காரர்தான், இது யாருக்கு வந்த அழைப்பு என்பதை அறிந்து ஆளனுப்பிக் கூப்பிடுவார்.

இன்று உங்கள் வீட்டு ரவுட்டர் செய்வதும் இதையே. வீட்டிலுள்ள கைபேசிகள், மடிக்கணினிகள், தொலைக்காட்சி ஆகியவற்றுக்கு 192.168 என்று தொடங்கும் உள்வலை முகவரிகளை அது கொடுக்கிறது. 10 என்றும், 192.168 என்றும், 172.16 முதல் 172.31 வரையிலும் தொடங்கும் முகவரிகள் 1994இலிருந்து இவ்வாறு எவரும் தத்தம் வளாகத்துக்குள் பயன்படுத்திக்கொள்ள விடப்பட்டவை. உலகம் முழுவதும் கோடிக்கணக்கான வீடுகளில் ஒரே எண்கள் திரும்பத் திரும்ப வருவதால், வெளியே அவற்றுக்குப் பொருளில்லை. வீட்டிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு பொட்டலத்திலும் உள்முகவரியை அழித்துத் தன் பொது முகவரியை எழுதி, எந்தப் போர்ட் எந்தக் கருவிக்கு உரியது என்று ஒரு கணக்கும் வைத்துக்கொள்கிறது ரவுட்டர். இந்த முகவரி மாற்றத்துக்கு 'நாட்' என்று பெயர். உங்கள் செயலிக்குத் தெரிவது கடை எண்தான். கடைக்குப் பின்னால் எத்தனை வீடுகள் என்பது தெரியாது.

இவ்வளவு சிக்கனம் ஏன் என்றால், 32 பிட்டுகளில் மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகளே அமையும். உலகளாவிய பொதுக் கையிருப்பிலிருந்த கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரி 3 அன்று வட்டார அமைப்புகளுக்குப் பிரித்தளிக்கப்பட்டன. அதன்பின் கைபேசி நிறுவனங்கள் வீட்டு ரவுட்டருக்கு மேலே தாங்களும் ஒரு 'நாட்' அடுக்கைப் பரவலாக வைக்கத் தொடங்கின. அதற்கென 2012இல் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள் தனியே ஒதுக்கப்பட்டன. விளைவாக, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல நூறு பேர் ஒரே நேரத்தில் ஒரே பொது முகவரியிலிருந்து உங்கள் தளத்துக்கு வரக்கூடும்.

ஒரு கல்லூரி விழாவுக்காக நான் எழுதிய வாக்களிப்புப் பக்கத்தில், ஓர் ஐபிக்கு ஒரு வாக்கு என்று விதி வைத்தேன். விடுதி முழுவதற்கும் சேர்த்து ஒரே ஒரு வாக்கு பதிவாகியிருந்தது. விடுதியில் முதலில் எழுந்த மாணவர் யாரோ, அவர் விருப்பமே விடுதியின் விருப்பம் ஆயிற்று.

காவலாளியும் கைச்சீட்டும்

இப்போது இந்தப் பொருளின் நடுமையத்துக்கு வருகிறோம். அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வசிக்கிறீர்கள். கீழ்வாசலில் காவலாளி இருக்கிறார். வெளியாட்கள் யாரும் மேலே வருவதில்லை. எதைக் கொண்டுவந்தாலும் காவலாளி வாங்கி, உங்கள் கதவைத் தட்டிக் கொடுக்கிறார். கதவைத் திறந்தால் நீங்கள் காண்பது எப்போதும் காவலாளியின் முகமே.

பெரிய தளங்கள் பெரும்பாலானவை இப்படித்தான் இயங்குகின்றன. செயலிக்கு முன்னால் நின்று, வெளியிலிருந்து வரும் இணைப்புகளை ஏற்று, தானே ஒரு புதிய இணைப்பைத் திறந்து கோரிக்கையைச் செயலியிடம் கொண்டுசேர்க்கும் மென்பொருளுக்கு 'ரிவர்ஸ் ப்ராக்ஸி' என்று பெயர். என்ஜின்எக்ஸ், எச்ஏப்ராக்ஸி ஆகியவை இவ்வேலையைச் செய்பவை. சுமையைப் பல சர்வர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் லோட் பேலன்சர்களும், தளத்தின் உள்ளடக்கத்தைப் பல இடங்களிலிருந்து வழங்கும் கிளவுட்ஃப்ளேர் போன்ற உள்ளடக்க விநியோக வலைகளும் இதே இடத்தில் நிற்கின்றன. இங்கே இரண்டு தனித்தனி இணைப்புகள் இருப்பதைக் கவனியுங்கள். வருகிறவருக்கும் ப்ராக்ஸிக்கும் இடையே ஒன்று. ப்ராக்ஸிக்கும் செயலிக்கும் இடையே இன்னொன்று. செயலி தன் எதிர்முனை எது என்று கேட்டால், இரண்டாவது இணைப்பின் எதிர்முனையான ப்ராக்ஸியின் முகவரியே விடையாக வரும். தளத்துக்கு வந்த அத்தனை பேரும் 10.0.0.5 என்னும் ஒரே இடத்திலிருந்து வந்ததாகப் பதிவேடு காட்டுவது இதனால்தான்.

குறையைத் தீர்க்க, காவலாளி ஒரு கைச்சீட்டில் இதைக் கொடுத்தவர் இன்னார் என்று எழுதிப் பொருளோடு சேர்த்துத் தருகிறார். இணையத்தில் அந்தச் சீட்டு, கோரிக்கையின் தலைப்பில் செல்லும் ஒரு குறிப்பு வரி. இத்தகைய வரிகளை ஹெட்டர் என்கிறோம். இதற்கென முதலில் பரவலான ஹெட்டர் 'எக்ஸ் ஃபார்வர்டட் ஃபார்'. ஸ்குவிட் என்னும் ப்ராக்ஸி மென்பொருளை உருவாக்கியவர்கள் புகுத்திய வழக்கம் அது. முறையான தரமாக 'ஃபார்வர்டட்' என்னும் ஹெட்டர் 2014 ஜூனில் வரையறுக்கப்பட்ட பிறகும், பழையதே அதிகம் புழங்குகிறது.

பொய்கள் நுழையும் ஓட்டையும் இதே சீட்டுதான். வெளியாள் ஒருவர், தானே ஒரு சீட்டை எழுதி எடுத்துக்கொண்டு வரலாம். ஹெட்டர் என்பது வெறும் எழுத்து. எந்த ஹெட்டரில் எதை வேண்டுமானாலும் எழுதி அனுப்ப ஒரு வரிக் கட்டளை போதும். இணைப்பின் எதிர்முனை முகவரியைப் பொய்யாக்குவது கடினம் என்று முன்பு கண்டோம். ஹெட்டரில் எழுதிய முகவரிக்கு அந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. ஒற்றை வரி விடைகளில் பல, இந்த ஹெட்டர் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதையே உண்மை என்று எடுத்துக்கொள்ளச் சொல்கின்றன. அவ்வாறு எழுதுகிற நிரல், வருகிறவர் தம் முகவரி இது என்று சொன்னதை அப்படியே நம்புகிறது.

இது ஏட்டளவிலான அச்சமன்று. நிரலாளர்களின் கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் நேர்ந்த ஒன்றை 2012இல் ஒரு நிரலாளர் எழுதினார். அவர் தாம் அமைத்திருந்த ஸ்குவிட் ப்ராக்ஸி வழியாக அத்தளத்துக்குப் போனார். அந்த ப்ராக்ஸி, தனக்கு வந்த கோரிக்கை 127.0.0.1இலிருந்து வந்தது என்று உண்மையாகவே ஹெட்டரில் எழுதி அனுப்பியது. தளமோ அதைப் படித்துவிட்டு, வந்திருப்பவர் நம் வீட்டு ஆள் என்று எண்ணி, தளத்தை உருவாக்குபவர்களுக்கு மட்டும் காட்ட வேண்டியவற்றை அவருக்குக் காட்டியது. அவர் தெரிவித்ததும் ஓட்டை அடைக்கப்பட்டது.

அப்படியானால் சீட்டை எப்படிப் படிப்பது? வழியில் பல ப்ராக்ஸிகள் இருந்தால், ஒவ்வொன்றும் தனக்கு முந்தியவரின் முகவரியைப் பட்டியலின் வலக்கோடியில் சேர்த்துக்கொண்டே போகும். ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். இதிலுள்ள பொது முகவரிகள் எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கி வைக்கப்பட்டவை. 203.0.113.7 என்ற முகவரியிலிருந்து வருகிற ஒருவர், 192.0.2.50 என்று ஒரு போலிச் சீட்டைத் தாமே எழுதி எடுத்து வருகிறார். நம் விநியோக வலையின் முகவரி 198.51.100.20, அதற்கு உட்புறத்தில் நம் லோட் பேலன்சரின் முகவரி 10.0.0.5. விநியோக வலை, தான் நேரில் கண்ட 203.0.113.7ஐ வலப்பக்கம் சேர்க்கிறது. லோட் பேலன்சர், தான் கண்ட 198.51.100.20ஐச் சேர்க்கிறது. செயலியிடம் வந்து நிற்கும்போது ஹெட்டரில் இருப்பது:

192.0.2.50, 203.0.113.7, 198.51.100.20

இணைப்பின் எதிர்முனை: 10.0.0.5.

இதை இடமிருந்து வலமாகப் படித்து முதல் எண்ணை எடுப்பவர் ஏமாறுகிறார். படிக்க வேண்டியது எதிர்முனையிலிருந்து தொடங்கி, வலமிருந்து இடமாக. 10.0.0.5 நம்முடையது, ஆகவே அது எழுதிய வலக்கோடி எண்ணை நம்பலாம். அந்த எண் 198.51.100.20, அதுவும் நாம் அமர்த்தியது, ஆகவே அது எழுதிய அடுத்த எண்ணையும் நம்பலாம். அது 203.0.113.7, இது நம் ஆட்களில் ஒருவரல்லர். அங்கே நிறுத்திவிட வேண்டும். நம்பத்தக்க கடைசிச் சாட்சி நேரில் கண்ட முகவரி அதுவே. அதற்கு இடப்பக்கம் இருப்பது உண்மையாகவும் இருக்கலாம், கற்பனையாகவும் இருக்கலாம். செயலிக்குப் பிரித்தறிய வழியில்லை.

நம் ஆட்கள் யார் என்பது மென்பொருளுக்குத் தானாகத் தெரியாது. அதனால்தான் என்ஜின்எக்ஸ், அப்பாச்சி, டாம்கேட், எக்ஸ்பிரஸ் முதலிய எல்லாவற்றிலும், நம்பகமான ப்ராக்ஸிகளின் பட்டியலை நாமே எழுதித் தரும் அமைப்பு உண்டு. பைத்தான் மொழியில் தளங்கள் எழுத உதவும் ஜாங்கோவின் கதை இதில் பாடம் நிறைந்தது. ஹெட்டரில் உள்ளதை எதிர்முனை முகவரியின் இடத்தில் தானாகவே எடுத்துவைக்கும் ஓர் இடைப்பகுதி அதில் இருந்தது. எல்லாருக்கும் பொருந்தும்படி அதை நம்பகமாக்க இயலாது என்று முடிவுசெய்து, 2009இல் வெளியான 1.1 பதிப்பில் அதை நீக்கிவிட்டார்கள். ஒவ்வொரு குடியிருப்பின் காவலாளியும் வேறு வேறு ஆள் என்னும்போது, எல்லார் சார்பிலும் ஒரே விதியை எழுத முடியாதுதானே.

பின்கதவு ஒன்றையும் மறக்கலாகாது. காவலாளியைத் தாண்டி மேலே வரப் பின்பக்கப் படிக்கட்டு திறந்திருந்தால், சீட்டு முறை முழுவதும் வீண். செயலி இயங்கும் போர்ட், ப்ராக்ஸி தவிர வேறெவரும் அணுக முடியாதபடி ஃபயர்வாலில் அடைக்கப்பட்டிருக்க வேண்டும்.

மீண்டும் ஒருமுறை: ப்ராக்ஸி இருந்தால் எதிர்முனை என்பது ப்ராக்ஸியே. ஹெட்டர் என்பது சாட்சியம். சாட்சி யார் என்று தெரிந்த அளவுக்குத்தான் அதை ஏற்கலாம்.

ஐபிவி6 பற்றிச் சில சொற்கள்

ஐபிவி6 முகவரி 128 பிட் நீளமுள்ளது. இந்தியக் கைபேசி வலைகளில் இது பரவலாகிவிட்டதால், இங்குள்ள தளம் எதுவும் இதைப் புறக்கணிக்க முடியாது. தரவுத்தளத்தில் 15 எழுத்துகளுக்கு இடம்விட்டு முகவரியைச் சேமிக்கும் பழைய நிரல்கள் இங்கே உடைகின்றன; எழுத்தாகச் சேமிப்பதானால் 45 எழுத்துகளுக்கு இடம் வேண்டும். இரு முறைகளையும் ஒரே சாக்கெட்டில் ஏற்கும் சர்வர்களில், ஐபிவி4 முகவரிக்கு முன்னால் முக்காற்புள்ளிகளும் நான்கு 'எஃப்' எழுத்துகளும் ஒட்டிக்கொண்டு வருவதுண்டு. அது புதிய முகவரியன்று, பழையதே வேறு சட்டை போட்டு நிற்கிறது. ஒப்பிடுவதற்கு முன் அந்த முன்னொட்டைக் கழற்றிவிட வேண்டும். இன்னொன்று, வீட்டுக் கருவி ஒன்று தன் ஐபிவி6 முகவரியின் பிற்பாதியை அவ்வப்போது தானே மாற்றிக்கொள்ளும். ஆகவே ஒரே ஆளைத் தடுக்கவோ கணக்கிடவோ விரும்புகிறவர்கள் முழு முகவரியையும் பார்க்காமல் முதல் 64 பிட்டுகளைப் பார்ப்பது வழக்கம்.

முகவரியிலிருந்து ஆளை அறிய முடியுமா?

இத்தனைக்குப் பிறகு சரியான முகவரி கையில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அது எந்த ஊர், யார் வீடு என்று சொல்லிவிடலாம் என்பது பரவலான நம்பிக்கை. முகவரியை ஊரோடு இணைக்கும் தரவுத்தளங்கள் இருப்பது உண்மைதான். அவை தருவது மதிப்பீடு. நாடு பெரும்பாலும் சரியாக இருக்கும், ஊர் என்றால் ஐயம் கூடும், தெரு என்றால் கேட்கவே வேண்டாம்.

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஒரு பண்ணை வீடு பல ஆண்டுகளாக இதனால் பட்ட பாடு 2016இல் செய்தியாக வெளிவந்தது. 'அமெரிக்காவில் எங்கோ' என்பதற்கு மேல் தெரியாத முகவரிகளுக்கெல்லாம், அத்தகைய தரவுத்தளம் ஒன்று நாட்டின் நடுப்பகுதியில் ஒரு புள்ளியைக் கொடுத்திருந்தது. அந்தப் புள்ளி அந்தப் பண்ணையின் மீது விழுந்தது. 60 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகள் அங்கே இருப்பதாகக் காட்டியதால், திருடுபோன பொருளையும் மோசடிக்காரரையும் தேடிக்கொண்டு காவல்துறையினரும் மற்றவர்களும் அந்த வாசலுக்கு வந்துகொண்டே இருந்தார்கள். பிறகு அந்தப் புள்ளி நீர்நிலை ஒன்றின் நடுவுக்கு நகர்த்தப்பட்டது.

ஆளைத் துல்லியமாகக் காட்டாது என்பதால் முகவரியை அலட்சியமாகக் கையாளலாம் என்றும் ஆகாது. இணையச் சேவை நிறுவனத்தின் பதிவேட்டோடு சேர்த்துப் பார்த்தால் அது ஆளைக் காட்டக்கூடும். அந்தக் காரணத்தால், தற்காலிக ஐபி முகவரியும் தனிநபர் தரவாகக் கருதப்படலாம் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2016 அக்டோபரில் தீர்ப்பளித்தது. தேவையில்லாத நாட்களுக்கு முகவரிகளைச் சேமித்து வைக்காமலிருப்பது நல்ல பழக்கம்.

பதிவேட்டில் எழுத வேண்டியவை

இனி நடைமுறை. பதிவேட்டில் ஒரே ஒரு 'ஐபி' என்ற கட்டத்தை வைத்து, அதில் எதையோ நிரப்புவதுதான் பிற்காலக் குழப்பங்களின் விதை. இணைப்பின் எதிர்முனை முகவரியை ஒரு கட்டத்திலும், ஹெட்டர் வந்தபடியே இன்னொரு கட்டத்திலும், நம்பகப் பட்டியலைக் கொண்டு நாம் கணித்த முகவரியை மூன்றாவது கட்டத்திலும் எழுதுங்கள். கணிப்பில் தவறு இருந்தது பின்னர் தெரிந்தால், முதலிரண்டையும் வைத்துத் திருத்திக்கொள்ளலாம்.

இவற்றோடு வருகிறவரின் போர்ட்டையும், நேர மண்டலத்துடன் கூடிய நொடிக் கணக்கையும் சேர்க்க வேண்டும். ப்ராக்ஸி இருந்தால் அந்தப் போர்ட்டை அறிந்தது அதுதான் என்பதால், அதையே எழுதித் தரச் செய்ய வேண்டும். நாளைக்கு ஒரு மோசடி புகாராகி, கைபேசி நிறுவனத்திடம் இந்த முகவரி யாருடையது என்று விசாரணை போனால், அந்த நொடியில் அந்த முகவரியைப் பகிர்ந்துகொண்டிருந்த பல நூறு பேரில் ஒருவரைப் பிரித்துக்காட்ட அவர்களுக்கு உதவக்கூடியது, நாம் எழுதாமல் விட்டிருக்கக்கூடிய அந்தப் போர்ட் எண்தான்.